வெள்ளிக்கிழமை மாத்திரைகள்

"மதிப்பிற்குரிய பங்கேற்பாளருக்கு, நீங்கள் பங்கேற்றுவரும் மருந்தாய்வு இத்துடன் நிறுத்தப்படுகிறது. மருந்தின் பாதுகாப்பு குறித்த எந்தக் கவலையாலும் இந்த முடிவு எடுக்கப்படவில்லை. நிறுவனம் தன் ஆராய்ச்சிப் பணிகளின் முன்னுரிமைகளை மறுபரிசீலனை செய்ததை அடுத்து எடுக்கப்பட்டது. உங்கள் கையில் மீதமுள்ள மாத்திரைகளை மருத்துவமனையில் ஒப்படைக்கவும். உங்கள் ஒத்துழைப்புக்கு எங்கள் நன்றி."

கடிதத்தின் தலையில் இருந்த தேதி இந்த ஆண்டு ஏப்ரல் கடைசி வாரத்துச் செவ்வாய்க்கிழமை. அக்காவின் கைக்கு அது வந்தது அதே வாரத்து வெள்ளிக்கிழமை. எனக்கு மட்டும் அதற்கு முந்தைய வாரமே அந்த வாக்கியங்கள் தெரியும். அவற்றைத் தமிழில் எழுதியவன் நான்.

மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகும் சாலையில் இருக்கும் வீட்டில் உட்கார்ந்து, சென்னை ஒப்பந்த நிறுவனம் ஒன்றுக்காக மருந்தாய்வுத் தாள்களைத் தமிழாக்குவது என் வேலை. ஒரு புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும்போது, அது என்ன, ஏன், எந்த நாளில் வர வேண்டும், எப்போது வேண்டாம் என்று விலகலாம் என்றெல்லாம் அவர்கள் மொழியில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். அந்தத் தாள்கள்தான் எனக்கு வரும். வேலை ஒப்பந்தப்படி நான் எந்தப் பெயரையும் வெளியே சொல்லக்கூடாது. அதனால் இதில் பெயர்கள் இல்லை. கடிதம் போய்ச் சேரும்வரை அக்காவிடம் சொல்லாததற்கும் அதுவே காரணம்.

என் அக்கா எங்கள் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசிப்பவள். அவள் கணவர், எங்கள் மாமா, சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் அக்காவின் விரல் மூட்டுகளில் வீக்கம் தொடங்கியது. முடக்குவாதம் என்றார்கள். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது, மடங்கினால் விரியாது. பற்பசை மூடியைத் திறக்க முடியாமல் அவள் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, மாமா படுக்கப் போகும்முன் அந்த மூடியைத் திருகித் தளர்த்தி வைத்துவிட்டுப் படுப்பார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதும் இல்லை. கீபோர்டை அக்கா விடவில்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் இடது கையின் சுரங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் வலது கையின் மூன்று விரல்களால் பாட்டுக் குழுவைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தாள்.

போன ஆண்டு ஆடி மாதத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு நீல நிறக் கோப்புடன் வந்து என் முன்னால் போட்டாள். அவளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில் ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள், சேர்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். விளக்கத் தாளைப் படித்துப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"டேய், இத எழுதினவன் என் கையில கெடச்சான்னா தெரியும் சேதி. ஒரே வாக்கியம்டா, மரக்காணத்துல ஏறி கோட்டக்குப்பத்துல எறங்குது."

முதல் வரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தான்க்கா எழுதினேன்."

"நீயா?" தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதான பார்த்தேன். சின்ன வயசுலயே உனக்கு மூச்சு ஜாஸ்தி. சரி, வாயால சொல்லு."

சொன்னேன். சேர்பவர்களில் பாதிப் பேருக்குப் புது மாத்திரை கிடைக்கும். மற்ற பாதிக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. தினமும் காலையில், சாப்பாட்டுக்குப் பின், ஒன்று. மாதம் ஒருமுறை போய் ரத்தம் கொடுக்க வேண்டும், மீந்த மாத்திரையைக் காட்ட வேண்டும்.

"மாவு மாத்திரையா வந்துச்சின்னா?"

"வரலாம்க்கா."

"வந்தா வரட்டும். மாவு தின்னு யாரும் சாவல. ஆனா நான் ஒழுங்கா சாப்பிட்டாத்தான அவங்களுக்குக் கணக்கு சரியா வரும்? அப்பத்தான மத்தவங்களுக்கு மருந்து கெடைக்கும்?"

ஆமாம் என்றேன். அந்தக் கேள்வியை அவள் அப்படியே மனதில் பூட்டி வைத்துக்கொண்டாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.

மாதாமாதம் பேருந்தில் போய் வந்தாள். கீழ்புத்துப்பட்டில் இன்னொரு பெண் ஏறுவாள். அந்த ஊர் மண்குதிரைக் கோயில் வாசலில் பூ கட்டி விற்பவள், அக்காவைவிடப் பத்து வயதாவது சின்னவள். கையில் அதே நீலக் கோப்பு. இரண்டாவது மாதமே இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். நான் துணைக்குப் போன ஒரு நாள் பார்த்தேன்: பேருந்து காலாப்பட்டைத் தாண்டும்போது இருவரும் கையை நீட்டி, மூடி, மறுபடி விரித்து, யார் முஷ்டி இறுக்கம் என்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத்தாங்க்கா மருந்து. உங்களுக்கு மாவு."

"போடி. நேத்து நான் தேங்கா துருவினேன். நீ துருவினியா?"

"நான் எட்டு மொழம் கட்டினேன்!"

நடத்துநர் திரும்பிப் பார்த்துவிட்டு, "சண்ட போடறதா இருந்தா எறங்கிப் போடுங்கம்மா" என்றார்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் அக்காவின் இடது கை திரும்பி வந்தது. நான் ஆண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பாட்டின் அடியில் கனத்த சுரங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தபோது, எனக்கு முன்னால் நின்ற மாமா திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் அவர் எனக்குச் சொன்ன புகார்: "மச்சான், உங்க அக்கா பேஸ்ட் மூடிய எவ்ளோ இறுக்கி மூடி வெக்கிறா தெரியுமா? என்னால தெறக்க முடியல."

பிறகு தவக்காலம் வந்தது, ஈஸ்டர் வந்தது, அந்தக் கடிதமும் வந்தது.

மே மாதத்தின் மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். தொடர்ந்து மூன்று ஞாயிறுகளாகக் கீபோர்டில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"உங்க அக்கா பிராக்டிசுக்கும் போறதில்ல. கேட்டா கை வலின்றா. பங்குச் சாமியாரே ஆள் அனுப்பிக் கேட்டுட்டாரு."

உள்ளே அக்கா முறத்தை முன்னால் வைத்துக்கொண்டு இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கை எப்படிக்கா இருக்குது?"

"ரொம்ப வலிக்குதுடா." ஒரு இறாலின் தலையைக் கிள்ளினாள், ஓட்டைச் சுழற்றிக் கழற்றினாள், முதுகு நரம்பை நகத்தால் ஒரே இழுப்பாக இழுத்துப் போட்டாள். அடுத்த இறாலை எடுத்தாள்.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் கீழே பார்த்தாள். கையை முறத்தில் வைத்துவிட்டு நிமிராமலே சொன்னாள்.

"என்னாலதான்டா நிறுத்திட்டாங்க."

"எத?"

"மருந்தத்தான்."

அவள் சொன்னதை இங்கே சுருக்கியே எழுத முடியும். சொல்லும்போது நடுவில் இரண்டு முறை எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளில், எங்கள் வீடுகளில் ஒவ்வொருவரும் ஒறுத்தலாக எதையாவது விடுவோம். மாமா பீடியை விடுவார், நான் டீயை. அக்காவுக்கு விடுவதற்கு இந்த முறை எதுவும் மிச்சமில்லை. இறைச்சியை எல்லோரும்தான் விடுகிறார்கள். சர்க்கரையை டாக்டர் ஏற்கெனவே விடச் சொல்லிவிட்டார். பூ வைப்பதை அவள் என்றோ விட்டாயிற்று. அவளிடம் புதிதாக வந்திருந்த ஒரே சுகம் அந்தக் கைகள். ஆகவே தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் மாத்திரையை விட்டாள். சிலுவைப் பாதை வழிபாடு நடக்கும் நாளில் அந்த வலியை வாங்கிக் கடவுளுக்கு ஒப்புக்கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனை அடுத்த வெள்ளி தொடங்கிப் பெரிய வெள்ளி வரைக்கும் ஒன்றையும் தவறவிடவில்லை.

"வலிச்சுதா?"

"அதான்டா. வலிக்கவே இல்ல. ஒறுத்தலும் ஆவல, மாத்திரையும் போச்சு."

மீந்த மாத்திரைகளை ஒளிக்கவில்லை. மாதாந்திரப் பரிசோதனையில் அட்டையோடு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். ஆய்வை ஒருங்கிணைக்கும் பெண் எண்ணிப் பார்த்து, "மறந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா, "ஆமா பாப்பா" என்றிருக்கிறாள்.

"தவக்காலத்துல பொய் வேற."

"அக்கா, இதுக்கெல்லாம் ஒரு ஆராய்ச்சிய நிறுத்த மாட்டாங்க."

"நீதான சொன்ன, நான் ஒழுங்கா சாப்பிட்டாத்தான் கணக்கு சரியா வரும்னு? ஈஸ்டர் முடிஞ்சுது, லெட்டர் வந்துச்சு. எனக்குப் புரியாதா?" முறத்தைத் தள்ளி வைத்தாள். "என் கை போனா போவட்டும். நான் பண்ணினது. அந்தப் பூக்காரப் பொண்ணு இன்னாடா பண்ணா? அது கையும் போச்சே. அது எட்டு மொழம் கட்டுச்சுன்னு எவ்ளோ சந்தோஷமா சொல்லுச்சு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நான் கீபோர்டுல உக்கார்றது?"

மறுநாள் மருத்துவமனையின் அந்த ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்கு அக்காவை வைத்துக்கொண்டே போன் செய்து, ஒலிபெருக்கியில் போட்டேன். ஒருவர் சில மாத்திரைகளைத் தவறவிட்டதால் ஆய்வு நிற்காது, எல்லா ஊரிலும் எல்லோரும் தவறவிடுவார்கள், அதையும் சேர்த்துத்தான் கணக்கே போடுவார்கள் என்று அவள் பொறுமையாக விளக்கினாள். பிறகு தயங்கி, "எனக்கும் இந்தப் பேப்பர் வேலையெல்லாம் முடிஞ்சா கிளம்பணும்ங்க சார். வேற எடம் பாத்துக்கினு இருக்கேன்" என்றாள்.

போனை வைத்ததும் அக்கா சொன்னாள்: "நல்ல பொண்ணு. என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்லுது. பாரு, அதுக்கு வேலையும் போச்சு என்னால."

அக்காவை நான் அறிவேன். அன்பாகச் சொல்லும் எதையும் அவள் ஆதாரமாக ஏற்கமாட்டாள். தேதி வேண்டும். நல்லவேளையாக, தேதிகளைத் தேடுவது எனக்குப் பழக்கமான காரியம்.

பங்குச் சந்தையில் இருக்கும் மருந்து நிறுவனம் எதுவும் ஓசையில்லாமல் ஒரு முடிவை எடுத்துவிட முடியாது. ஆண்டறிக்கை, காலாண்டுக் கணக்கு, முதலீட்டாளர்களோடு பேசியதன் எழுத்துவடிவம் என்று எல்லாமே தேதியோடு வலைத்தளத்தில் கிடைக்கும். அந்த நிறுவனத்தின் சில ஆண்டுத் தாள்களை இறக்கி, தேதி வாரியாக அடுக்கிப் படித்தேன். ஆராய்ச்சிச் செலவு என்று ஒரு பட்டை வரைபடம் ஒவ்வோர் ஆண்டும் இருந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அது உயர உயரத் தலைவரின் உரையில் பெருமை தெரிந்தது. பிறகு கேள்விகள் தொடங்குகின்றன. இவ்வளவு செலவு செய்தீர்களே, விற்பனைக்கு வந்தது எத்தனை? கூடவே "செயல்திறன்" என்ற சொல்லும் அடிக்கடி வர ஆரம்பிக்கிறது.

இதைப் பற்றி நான் முன்பே கொஞ்சம் படித்திருக்கிறேன். ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் நிறுவனம் காலப்போக்கில் திறமையானதாகிறது, தோற்றுப்போன ஆய்விலிருந்துகூடக் கற்றுக்கொள்கிறது என்று ஒரு கட்சி சொல்லும். ஒரு அளவுக்கு மேல் பணம் சும்மா கரைகிறது, கறாரானவன்தான் பிழைப்பான் என்பது மற்றொரு கட்சியின் வாதம். இரண்டுக்கும் நடுவில் ஒரு எளிய விஷயம் இருக்கிறது. செலவு இந்த ஆண்டுக் கணக்கில் விழுகிறது. பலன், வந்தால், பல ஆண்டுகள் கழித்து வருகிறது. ஆகவே ஆராய்ச்சியை வெட்டிய ஆண்டில் எந்த நிறுவனமும் கணக்கில் அழகாகத் தெரியும்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது நாங்கள் அளத்து வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். உப்பளத்தையே உதாரணம் காட்டினேன். தை மாதத்தில் பாத்தியைச் சேறு வாரி, மிதித்து, தட்டி, நீர் கட்டி வாரக்கணக்கில் உழைக்கிறீர்கள். ஒரு படி உப்புகூட வருவதில்லை. அந்த நாளில் வந்து செயல்திறன் பார்த்தால் யாராக இருந்தாலும் அளத்தை மூடத்தானே சொல்வார்கள் என்றேன். நல்ல உவமை என்றுதான் நினைத்திருந்தேன்.

மாமா கையிலிருந்த உப்பு வாரியை வரப்பில் சாய்த்தார்.

"தப்பு மச்சான். வெயில் அடிச்சா எனக்கு உப்பு வரும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து வந்துக்கினு இருக்குது. மருந்து வரும்னு அவனுக்கு யார் சொன்னா? எந்தப் பாத்தியில வரும்னே தெரியாம நூறு பாத்திய மிதிச்சுக்கினு எத்தினி நாளுப்பா நிப்பான்?"

அவர் சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்: "ஆனா நிறுத்தறவன் ஒண்ணு செய்யலாம். வந்து மூஞ்சியப் பார்த்து சொல்லலாம். நான் குத்தகைய விட்டா ஆளுங்ககிட்ட நேரா சொல்லிட்டுத்தான் விடுவேன். நன்றின்னு லெட்டர் போட மாட்டேன்."

அந்த நன்றியைத் தமிழில் எழுதியவன் நான் என்பது அவருக்கும் தெரியும். அதனால் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

நான் தேடியது அன்று மாலையே கிடைத்தது. பிப்ரவரி இரண்டாம் வாரம், காலாண்டுக் கணக்கு வெளியான மறுநாள், முதலீட்டாளர்களோடு நடந்த தொலைபேசிக் கூட்டத்தின் எழுத்துவடிவம். ஆராய்ச்சிச் செலவைப் பற்றி ஒருவர் கேட்கிறார். நிறுவனத் தலைவர் சொல்லும் பதிலின் சாரம் இது: சந்தைக்கு நெருங்கிவிட்ட பொருட்களில் கவனம் செலுத்தப்போகிறோம், மூட்டு நோய்க்கான புது மருந்து ஆராய்ச்சியிலிருந்து வெளியேறுவது என்று இயக்குநர் குழு முடிவு செய்துவிட்டது, நடந்துகொண்டிருக்கும் ஆய்வு முறைப்படி முடித்துக்கொள்ளப்படும், அடுத்த நிதியாண்டில் அந்தச் செலவு இருக்காது.

தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவும் இருந்தார். வரிக்கு வரி தமிழில் சொன்னேன், இந்த முறை சின்னச் சின்ன வாக்கியங்களாக.

"தேதி இன்னான்னு சொன்ன?"

மறுபடி சொன்னேன்.

அக்கா எழுந்து சுவரில் இருந்த பங்குக் கோயில் நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்தாள். பிப்ரவரி தாளைத் திருப்பினாள். விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினாள். சாம்பல் புதன், அதற்கு அடுத்த வாரத்தில் இருந்தது. விரல் அங்கேயே நின்றது.

"அப்ப மொத வெள்ளிக்கிழமை நான் விடும்போது…"

"அவங்க ஏற்கெனவே விட்டுட்டாங்கக்கா."

"நான் வாரத்துல ஒரு நாள்தான விட்டேன்," என்றாள் அக்கா மெதுவாக. "அவங்க ஏழு நாளும் விட்டுட்டாங்க."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவள் முகம் மாறியது.

"அப்ப மார்ச்சுல எதுக்குடா ரத்தம் எடுத்தாங்க? நான் பஸ் ஏறிப் போனேனே. அந்தப் பொண்ணு கை காட்டுச்சே. யாருக்கு மருந்து, யாருக்கு மாவுன்னு ரெண்டு பேரும் பந்தயம் கட்டினோமே. செத்துப்போன ஒண்ணுக்கா?"

ஒரு ஆய்வை ஒரே நாளில் நிறுத்திவிட முடியாது, அரசுக்கும் மருத்துவமனைக் குழுவுக்கும் சொல்ல வேண்டும், மருந்து எடுப்பவர்களைப் பாதியில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் ரத்தம் என்றேன். நான் சொன்னது உண்மைதான். ஆனால் அது அவள் கேட்ட கேள்விக்குப் பதிலாக இல்லை. மாமா நாட்காட்டியை வாங்கி ஆணியில் மாட்டினார். நேராக இருந்ததை மறுபடி நேராக்கினார்.

குற்றம் தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகும் அக்கா அடுத்த ஞாயிறு கீபோர்டுக்குப் போகவில்லை. "மொதல்ல அந்தப் பொண்ணப் பாக்கணும்" என்றாள்.

திங்கட்கிழமை இருவரும் கீழ்புத்துப்பட்டில் இறங்கினோம். கோயில் வாசலில், பெரிய மண்குதிரைகள் தெரிகிற பக்கத்தில், அவள் தள்ளுவண்டியின் நிழலில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் நாரைக் கீழே போட்டாள்.

"எங்கக்கா ஆளையே காணோம்? பஸ்சுல ஏறும்போதெல்லாம் பாக்கறேன்."

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே வெள்ளிக்கிழமைக் கதை முழுவதையும் சொன்னாள். தேதி சரியாக வந்துவிட்டதே, இனி எதற்கு என்று நான் நினைத்தேன். ஆனால் அவளுக்கு அதைச் சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. கடைசியில் சொன்னாள்: "இவன் பேப்பர் எல்லாம் எடுத்துட்டு வந்து என் மேல தப்பில்லன்னு காட்டிட்டான். இருந்தாலும் உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

பூக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு கையை எடுத்தாள். சிரிப்பை அடக்கத்தான் பொத்தியிருக்கிறாள்.

"அக்கா, நானும்தான் விட்டேன்."

"நீ எதுக்குடி விட்ட?"

"கிருத்திகைக்கு, அமாவாசைக்கு நான் சாப்பிட மாட்டேன்ல. சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடணும்னு அந்தப் பேப்பர்ல எழுதியிருக்குதே. சாப்பாடே இல்லாதப்ப எப்படிப் போடறது? தப்பாப் போட்டு எதனா ஆயிடுச்சின்னா? அதான், எழுதியிருக்கற மாதிரியே பண்ணேன்."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "கேட்டுக்கடா. உன் வாக்கியம்."

ஆங்கிலத்தில் இருந்ததைத்தான் எழுதினேன். அதை எழுதியவர்கள் நோன்பு நாளைப் பற்றி யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை, தவக்காலத்தில் டீயை விடுகிறவன். மொழிபெயர்ப்பாளன் தன் இஷ்டத்துக்கு ஒரு வரியையும் சேர்க்க முடியாது. ஆகவே, விரத நாளில் என்ன செய்வது என்று இனி வரும் தாள்களில் ஒரு வரி சேர்க்கும்படி ஒப்பந்த நிறுவனத்துக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

"நீ பயப்படலியா, உன்னாலதான் நிறுத்திட்டாங்கன்னு?" என்று அக்கா கேட்டாள்.

"நான் எதுக்கு பயப்படணும்? வெரதத்துக்கெல்லாம் நிறுத்தினா இந்த ஊர்ல ஒரு மருந்தும் வராதுக்கா. அவங்களுக்குப் பணம் கொறஞ்சிருக்கும். ஆடி கழியட்டும், திரும்ப ஆரம்பிப்பாங்க பாருங்க. ஆடி வர்ற நேரத்துல யாரு புதுசா ஆரம்பிக்கறா?"

நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். விரல்களில் நல்ல பலம் இருந்தது.

"கை எப்படி இருக்குது?" என்று அவளிடம் கேட்டாள்.

"காலைல கொஞ்சம் புடிக்க ஆரம்பிச்சிருக்குதுக்கா. உங்களுக்கு?"

"இன்னும் இல்ல."

"அப்ப பந்தயம் நான்தான் ஜெயிச்சேன். எனக்குத்தான் மருந்து. நிறுத்தினதும் வலி வருது பாருங்க."

"போடி, பெரிய ஜெயிப்பு," என்றாள் அக்கா. பிறகுதான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூடையிலிருந்து ஒரு பிடி மல்லியை அள்ளி, நாரை எடுத்து, தப்பும் தவறுமாகக் கட்ட ஆரம்பித்தாள். பூக்காரப் பெண் பிடுங்கவில்லை. அவள் கட்டிய ஒன்றரை முழத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். "இத யாரும் வாங்க மாட்டாங்க. நீங்களே வெச்சிக்குங்க" என்று சொல்லி அக்காவின் கொண்டையில் சுற்றிவிட்டாள். அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர் வந்து இறங்கும்வரை ஜன்னல் காற்றில் அதைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அடுத்த ஞாயிறு கீபோர்டில் உட்கார்ந்தாள், இரண்டு கைகளோடும்.

சில நாள் கழித்து ஒரு காலை நான் போனபோது, குளியலறையிலிருந்து அவள் சத்தம் கேட்டது: "யாரு இந்த மூடியத் தளத்தி வெச்சது? எனக்கு ஒண்ணும் ஆவல, நான் நல்லாத்தான் இருக்கேன்!"

மாமா செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், "எலி" என்றார்.

இதை எழுதும் இன்று, ஜூன் மாதத்தின் கடைசி ஞாயிறு. அக்காவின் கை மடங்குகிறது, விரிகிறது. ஒரு காலை சற்றுப் பிடித்ததாகச் சொன்னாள், மறுநாள் இல்லை என்றாள். பூக்காரப் பெண் பழைய மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டு பூ கட்டுகிறாள், முழம் குறைந்திருக்கிறது.

ஆய்வு முடிந்ததும் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பதைக் கேட்பவர்களுக்குத் தெரிவிப்பதாக விளக்கத் தாளில் ஒரு வரி உண்டு. அதுவும் நான் தமிழில் எழுதியதுதான். அக்காவின் கையெழுத்தோடு இரண்டு முறை எழுதிக் கேட்டிருக்கிறோம். குறியீட்டு விவரங்கள் நிறுவனத்திடம் இருக்கின்றன, அங்கே அந்தப் பிரிவே இப்போது இல்லை, வேறு பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை.

ஆகவே, என் அக்கா அந்த மாதங்களில் சாப்பிட்டதும், தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சாப்பிடாமல் விட்டதும், மருந்தா மாவா என்பது இன்றைய தேதிவரை உறுதிசெய்யப்படவில்லை.